புள்ளி கடைசியில்தான்: சோராவின் ஒரு கடற்கரையைப் பார்த்து பாயின்டிலிசம் பழகுவது எப்படி?

பாயின்டிலிசம், அதாவது நிறங்களைப் புள்ளி புள்ளியாக வைத்து ஆயில் பெயின்டிங் செய்யும் முறையைப் பழக ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் நேராகப் போய் நிற்பது 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சோராவின் 'லா கிராந்த் ஜாத் தீவில் ஞாயிறு மதியம்' படத்தின் முன்னால்தான். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். 1884இல் தொடங்கிய சோரா 1886 வரை அதோடு மல்லுக்கட்டினார். அதற்காகச் சின்னச் சின்னப் பலகைகளில் தீட்டிய முன்னோட்டங்களும் கரிய கான்டே கிரேயானில் போட்ட வரைபடங்களும் தனிக் குவியல். குடை பிடித்த பெண்கள், நாய்கள், ஒரு குரங்கு என்று கூட்டம் நிறைந்த படம் வேறு. உருவம் வரைவதிலேயே உங்கள் உயிர் போய்விடும். நிறத்தைப் பற்றி யோசிக்கத் தெம்பு இருக்காது.

நான் சொல்வது அவருடைய கடைசிக் கோடையில் வரைந்த ஒரு படம். 1890இல் சோரா பிரான்சின் வடகரையில், கலேவுக்கும் டன்கர்க்குக்கும் இடையே இருக்கும் கிராவ்லீன் ஊருக்குப் போனார். அங்கே ஆ என்ற ஆறு கால்வாயாகக் கடலில் கலக்கிறது. அந்தக் கால்வாயை வைத்து நான்கு படங்கள் வரைந்தார். அடுத்த மார்ச்சில், 31 வயதில், இறந்துபோனார். நான்கில் ஒன்று 'கிராவ்லீன் கால்வாய், கிராந்த் ஃபோர் ஃபிலிப்'. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அகலமான வெறும் மணல், மெலிந்த ஒரு நீர்ப்பட்டை, சில படகுகள், அக்கரையில் வீட்டு வரிசை, மேலே வெளிறிய வானம், அவ்வளவுதான். பெரிய பரப்புகள், குறைந்த உருவங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. மூலப்படம் 65 × 81 செ.மீ. கடையில் கிடைக்கும் 16 × 20 அங்குல கேன்வாஸும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். எதையும் வெட்டவோ இழுக்கவோ வேண்டாம்.

பார்த்து வரைவது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சோராவே மாணவராக இருந்தபோது ஹோல்பைன், பூசேன், ஆங்க்ர் என்று பழைய ஓவியர்களைப் பார்த்து வரைந்து பழகியவர்தான்.

முதலில் பார்ப்பது

நேஷனல் கேலரியின் தளத்தில் இந்தப் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கூகுளில் தேடினால் ஒரே படம் பத்து நிறத்தில் வரும்: ஒன்று மஞ்சள் பூத்திருக்கும், இன்னொன்று நீலம் பாய்ந்திருக்கும். அருங்காட்சியகத்தின் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றாதீர்கள்.

ஒரு நாள் முழுக்க பிரஷைத் தொடாமல் படத்தைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். மணலின் ஒரு மூலையைப் பெரிதாக்கி, அதில் எத்தனை நிறப் புள்ளிகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். வெளிர் மஞ்சள், வெள்ளைக்குப் பக்கமான ஆரஞ்சு, இளநீலம், ஊதா என்று பட்டியல் நீளும். அப்புறம் படத்தை போனில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அத்தனை நிறமும் ஒரே மாதிரியான வெளிர் சாம்பலாகிவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அடுத்தடுத்த புள்ளிகளில் நிறம் மாறுகிறது, வெளிச்சத்தின் அளவு அவ்வளவாக மாறுவதில்லை. அதனால்தான் பரப்பு உடையாமல் நிற்கிறது. பழகுகிறவர்களின் படம் அம்மை போட்ட மாதிரி ஆவதற்குக் காரணம், வெளிர் மஞ்சளுக்குப் பக்கத்தில் டியூபிலிருந்து வந்த நீலத்தை அப்படியே வைத்துவிடுவது.

கருப்பு வெள்ளைப் படம் ஒன்று, கலர்ப் படம் ஒன்று, இரண்டையும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நிறத்துக்கு மட்டும் திரையைப் பாருங்கள். பிரின்டின் நிறத்தை நம்ப முடியாது.

வாங்க வேண்டியவை

ஜெஸ்ஸோ (பெயின்ட் பிடிப்பதற்கான வெள்ளை அடித்தளப் பூச்சு) பூசிய 16 × 20 அங்குல கேன்வாஸ் ஒன்று. பயிற்சிக்கு கேன்வாஸ் போர்டு இரண்டு மூன்று.

வண்ணத்தில் டைட்டானியம் ஒயிட் பெரிய டியூபாக வாங்குங்கள். வெளிர்ந்த படம் என்பதால் அதுதான் முதலில் தீரும். மற்றவை சின்ன டியூப் போதும்: லெமன் யெல்லோ, கேட்மியம் யெல்லோ, கேட்மியம் ஆரஞ்சு, கேட்மியம் ரெட், பெர்மனன்ட் ரோஸ், அல்ட்ராமரைன் (நீலம்), கோபால்ட் ப்ளூ, விரிடியன் (பச்சை). ஊதாவை ரோஸும் அல்ட்ராமரைனும் கலந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்மியம், கோபால்ட் எல்லாம் விலை கையைக் கடித்தால் பெயரோடு 'ஹியூ' என்று போட்ட மாணவர் ரகம் இந்த வேலைக்குத் தாராளம். கருப்பு வேண்டாம். காவி, பழுப்பு போன்ற மண் நிறங்களும் வேண்டாம். சோரா தன் பிற்காலப் படங்களில் அவற்றை ஒதுக்கிவிட்டார். கையில் இருந்தால் கை தானாக அதற்குத்தான் போகும், அதனால் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

பிரஷ் விஷயத்தில் செலவு செய்ய வேண்டாம். அகலமான பன்றிமயிர் பிரஷ் ஒன்று அடிப்பூச்சுக்கு. புள்ளிக்கு 2, 3, 4 எண் உருண்டை பிரஷ்கள் ஆறேழு. முனை தேய்ந்த பழைய பிரஷ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், புள்ளி வைக்கப் புதுசைவிட அதுதான் நன்றாக உழைக்கும்.

டர்பன்டைன், லின்சீட் ஆயில், பழைய துணி. இங்கே ஒரு எச்சரிக்கை. லின்சீட் ஆயில் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, உண்மையாகவே நடப்பதுதான். துணியைத் தனித்தனியாக விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிய தகர டப்பாவில் போடுங்கள். டர்பன்டைன் திறந்தால் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

நான்கு கட்டங்கள்

கேன்வாஸ் போர்டில் 5 செ.மீ. பக்கமுள்ள நான்கு கட்டங்கள் போடுங்கள்.

முதல் கட்டத்தில் மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் மட்டும் மாற்றி மாற்றி. இரண்டாவதில் பச்சையை மெல்லிசாகப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் மஞ்சள் கலந்த பச்சை, நீலம் கலந்த பச்சை, அங்கங்கே கொஞ்சம் ஆரஞ்சு. மூன்றாவதில் ஆரஞ்சும் நீலமும்; ஆனால் இரண்டிலும் வெள்ளை கலந்து, வெளிச்ச அளவு ஒன்றாக வரும்படி. நான்காவதில் அதே ஆரஞ்சும் நீலமும், வெள்ளை கலக்காமல்.

எழுந்து பின்னால் போய்ப் பாருங்கள். முதல் கட்டம் பச்சையாகத் தெரியும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தெரியாது, மங்கலான சாம்பல்தான் வரும். 'மஞ்சளும் நீலமும் பக்கத்தில் வைத்தால் கண்ணில் பச்சையாகும்' என்று பள்ளிப் புத்தகம் முதல் இணையம் வரை எங்கும் சொல்கிறார்கள். பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் பலகையில், குழைத்தால் பச்சை வரும். கண்ணில் கலப்பது வேறு கணக்கு: அங்கே இரண்டு ஒளிகளின் சராசரிதான் கிடைக்கும். மஞ்சளும் நீலமும் சேர்ந்த சராசரி சாம்பலை ஒட்டித்தான் நிற்கும். அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட், நிறம் பூசிய வட்டுகளைச் சுழற்றி இதைத்தான் காட்டினார். 1879இல் வந்த அவருடைய நூல் இரண்டே வருடத்தில் பிரெஞ்சில் வந்தது, சோரா படித்தார். சோராவின் புல் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அவர் பச்சை வண்ணத்தை வைத்ததுதான். மற்ற நிறங்கள் அந்தப் பச்சைக்கு உயிர் கொடுக்க வந்தவை. உங்கள் இரண்டாவது கட்டம் அதைத்தான் காட்டுகிறது. மூன்றாவது கட்டம் மினுமினுக்கும். நான்காவது, முன்பு சொன்ன அம்மை.

கட்டம் போட்டு வரைதல், அடிப்பூச்சு

கேன்வாஸில் 2 அங்குலக் கட்டங்கள் போட்டால் 8 வரிசை, 10 பத்தி சரியாக வரும். பிரின்டிலும் அதே எண்ணிக்கையில் போடுங்கள். தொடுவானம், நீரின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, மணலின் ஓரம் ஆகிய கிடைக்கோடுகளை முதலில் பிடியுங்கள். பாய்மரங்கள் அதற்கப்புறம். சோராவின் கடற்கரைப் படங்களில் கிடைக்கோடும் நிமிர்கோடும்தான் எலும்பு. ஒரு பாய்மரம் கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். ஸ்கேல் வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

இப்போது புள்ளிக்குப் போகக் கைகள் துறுதுறுக்கும். பொறுங்கள். 'கிராந்த் ஜாத்' படத்தையே சோரா முதலில் சாதாரண பிரஷ் வீச்சில் முடித்தார். புள்ளிகள் 1885 கடைசியிலிருந்து அதன்மேல் ஏறியவை. நாமும் அப்படித்தான் செய்யப் போகிறோம். மணல், நீர், வானம், கட்டடங்கள் ஆகியவற்றுக்கு அதனதன் சராசரி நிறத்தைக் கலந்து, டர்பன்டைன் விட்டு நீர்க்க வைத்து, மெல்லிசாகப் பூசுங்கள். கருப்பு வெள்ளைப் பிரின்டைப் பக்கத்தில் வைத்து வெளிச்ச அளவை மட்டும் ஒப்பிடுங்கள். இந்த நிலையில் படம் ஒரு சுமாரான போஸ்டர் போல இருக்கும், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே கடற்கரை என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எத்தனை ஆயிரம் புள்ளி வைத்தாலும் தெரியப்போவதில்லை. இங்கேயே சரிசெய்யுங்கள்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். இரண்டு மூன்று நாள் ஆகலாம், மழைக்காலத்தில் இன்னும் கூட. ஃபேன் காற்றில் தூசியும், சாயங்காலமானால் கொசுவும் வந்து ஒட்டும். கேன்வாஸைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பது நல்லது.

பேலட்

சோராவின் பேலட் ஒழுங்குக்குப் பேர்போனது. விளிம்பில் வானவில் வரிசையில் சுத்த நிறங்கள். அதற்குக் கீழே ஒவ்வொன்றோடும் வெள்ளை கலந்த வரிசை. அதற்கும் கீழே வெறும் வெள்ளை. மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று நிறச் சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்களை மட்டும் கலக்கலாம். எதிரெதிர் நிறங்களைப் பேலட்டில் குழைத்தால் சேறுதான். அந்த எதிர் நிறங்கள் சந்திக்க வேண்டிய இடம் கேன்வாஸ்.

இந்தப் படத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் வெள்ளை கலந்த மூன்று படிகள் செய்துகொள்ளுங்கள்: கொஞ்சம் வெளிர், நன்றாக வெளிர், வெள்ளையை ஒட்டியது. பெரும்பாலும் கடைசி இரண்டு படிகளில்தான் வேலை நடக்கும். பெயின்டில் லின்சீட் ஆயில் ஒரு துளி சேருங்கள். அடிப்பூச்சைவிட மேல் அடுக்கில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாளாவட்டத்தில் வெடிக்கும்.

புள்ளி

பிரஷ் முனையில் கொஞ்சம் பெயின்ட் எடுத்து, தொட்டு, எடுத்துவிடுங்கள். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஐந்தாறு புள்ளிக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். நிறக் குடும்பத்துக்கு ஒரு பிரஷ் என்று வைத்துக்கொண்டால் கழுவுகிற நேரம் மிச்சம்.

கோலப்புள்ளி மாதிரி வரிசை பிடித்து வைக்காதீர்கள். வரிசை தெரிந்தால் கண் வரிசையைத்தான் பார்க்கும், மணலைப் பார்க்காது. பெரிதாக்கிப் பார்த்தால் சோராவின் புள்ளி வட்டமாகவே இல்லை என்பதும் தெரியும். நீரில் கிடையாக நீண்ட சின்ன வீச்சு, விளிம்புகளில் அந்த விளிம்போடு ஓடும் வீச்சு, திறந்த பரப்பில் உருண்டை. இந்த முறையைப் புள்ளி என்று குறுக்கிப் பேசுவது அவருடைய நண்பர் போல் சின்யாக்குக்குப் பிடிக்கவே இல்லை. நிறத்தைப் பிரித்து வைப்பதுதான் விஷயம், வடிவம் எதுவானாலும் சரி என்பது அவர் கட்சி. நான் சின்யாக் பக்கம்.

ஒரே மூச்சில் எல்லா நிறத்தையும் வைக்காமல் சுற்றுச் சுற்றாகப் போங்கள். என்ன நிறம் வைப்பது என்பதற்கு 1886இல் விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் ஒரு வழி காட்டிவிட்டார். 'கிராந்த் ஜாத்' படத்தின் நிழல் விழுந்த புல்லை அவர் பிரித்துக் காட்டிய விதம் இது: பெரும்பாலான புள்ளிகள் புல்லின் சொந்த நிறம், வெயிலுக்காக அங்கங்கே ஆரஞ்சு, பச்சைக்கு எதிர் நிறமாக ஊதா, பக்கத்தில் வெயில் பட்ட புல் இருப்பதால் எழும் நீலம். இதையே நம் படத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சுற்று, சொந்த நிறம். மணலுக்கு வெளிர் மஞ்சளில் இரண்டு மூன்று சாயல். அடிப்பூச்சு இடையிடையே தெரியட்டும், முழுக்க மூடாதீர்கள். காயவிடுங்கள்.

இரண்டாம் சுற்று, வெயிலும் வானமும். வெள்ளையை ஒட்டிய ஆரஞ்சு, வெளிர் இளஞ்சிவப்பு வெயிலுக்கு. இளநீலம் வானத்தின் பிரதிபலிப்புக்கு. முதல் சுற்றில் பத்துப் புள்ளி என்றால் இதில் மூன்று நான்கு போதும். திரையில் பெரிதாக்கி எண்ணிப் பார்த்து அதே விகிதத்தில் வையுங்கள். மறுபடி காயவிடுங்கள். ஈரத்தின்மேல் வைத்தால் புள்ளி வழுக்கிக் கலங்கிவிடும், செய்த வேலை அத்தனையும் பாழ்.

மூன்றாம் சுற்று விளிம்புகளுக்கு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அவசரமில்லாமல் செய்யுங்கள். பாரிசின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோலிடம் ஒரு புகார் வந்தது: நீலம், ஊதாத் துணிகளின் நிழலுக்குப் பயன்படுத்தும் கருப்பு நூல் சோகையாகத் தெரிகிறது என்று. அவர் நூலைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கருப்பைக் கெடுத்தது. ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தைப் பக்கத்து நிறத்தின்மேல் ஏற்றும், வெளிச்சம் பக்கத்து இருட்டை இன்னும் இருட்டாக்கும் என்று 1839இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அந்த விளைவைக் கண்ணின் பொறுப்பில் விடாமல் சோரா கையாலேயே கொஞ்சம் மிகைப்படுத்தினார். இருண்ட படகைச் சுற்றி நீரில் வெளிர்ந்த ஓர் ஒளிவட்டம், வெளிர்ந்த பாய்க்குப் பக்கத்தில் வானம் ஒரு இழை கருக்கும். நீரும் மணலும் சந்திக்கும் இடத்தில் நீரின் பக்கம் நீலத்தைக் கூட்டுங்கள், மணலின் பக்கம் ஆரஞ்சைக் கூட்டுங்கள். கோடு போடாமலேயே விளிம்பு எழுந்து நிற்கும்.

எவ்வளவு பெரிய புள்ளி, எவ்வளவு நேரம்

16 × 20 அங்குல கேன்வாஸில் 3 மி.மீ. இடைவெளியில் ஒரு சுற்று நிரப்பினால் சுமார் 23,000 புள்ளிகள். நாலு விநாடிக்கு ஒன்று என்றாலும் 25 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு இரண்டு மூன்று மாத வேலை என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரே பகுதியில் மூழ்கிவிடாமல் மணலில் கொஞ்சம், வானத்தில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போனால் அலுப்பும் குறையும், படமும் ஒரே சீராக வளரும். கழுத்து வலி வந்தால் ஈசலின் உயரத்தை மாற்றுங்கள். மேசையில் குனிந்து செய்யாதீர்கள்.

எவ்வளவு தள்ளி நின்றால் புள்ளிகள் கலக்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு 3 மி.மீ. அளவு மறைய ஏறக்குறைய 10 மீட்டர் தூரம் வேண்டும். நம் வீட்டு ஹாலில் அதற்கு இடமில்லை, அருங்காட்சியகத்திலும் யாரும் அவ்வளவு தள்ளி நிற்பதில்லை. ஆக, புள்ளிகள் முழுசாகக் கலப்பது இந்த ஓவியங்களின் நோக்கமே அல்ல. கலந்தும் கலக்காமலும் இருக்கும் அந்தத் தூரத்தில்தான் பரப்பு அதிர்கிறது. அதனால் 1 மி.மீ. புள்ளி வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாய்மரம், ஜன்னல் மாதிரி நுணுக்கமான இடங்களில் மட்டும் சிறிதாக்குங்கள்.

படம் அழுக்காகத் தெரிந்தால் பெரும்பாலும் பிரஷ் சுத்தமில்லை, அல்லது ஈரத்தில் வைத்திருக்கிறீர்கள். வெளிறிப் போய் உயிரில்லாமல் இருந்தால் எல்லாப் புள்ளியிலும் வெள்ளை கூடிவிட்டது. நிழல் பக்கம் வெள்ளை குறைந்த ஊதா, நீலம் சேருங்கள். பிடிக்காத இடத்தைச் சுரண்டுவதைவிட, காயவிட்டு மேலே ஒரு சுற்று வைப்பது சுலபம்.

ஓரம், வார்னிஷ், பெயர்

பிற்காலத்தில் சோரா படத்தைச் சுற்றிப் புள்ளிகளாலேயே ஒரு குறுகிய ஓரம் தீட்டினார். உள்ளே எந்த நிறம் விளிம்பைத் தொடுகிறதோ அதற்கு எதிர் நிறத்தை நோக்கி அந்த இடத்தில் ஓரத்தின் நிறம் சாயும். நீங்களும் ஒரு செ.மீ. அகலத்தில் செய்து பாருங்கள். கையை நன்றாகப் பழக்கும் வேலை.

வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். என் சொந்தக் கருத்து, பூசவே வேண்டாம். பளபளப்பு ஏறினால் புள்ளிகளின் மேல் ஜன்னல் வெளிச்சம்தான் தெரியும். சில வருடங்கள் சோராவோடு சேர்ந்து புள்ளி வைத்த ஓவியர் பிசாரோ, தன் 1880ஆம் வருடத்து நிலக்காட்சி ஒன்றின் பின்புறத்தில் வார்னிஷ் பூச வேண்டாம் என்று எழுதியே வைத்தார்.

உங்கள் படத்தின் பின்புறத்திலும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது: 'சோராவைப் பார்த்து வரைந்தது' என்ற குறிப்பு, உங்கள் பெயர், வருடம். முன்புறத்தில் சோராவின் கையெழுத்தைப் போடாதீர்கள். பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பார்த்து வரைய அனுமதி வாங்குகிறவர்கள்கூட மூல அளவிலேயே வரையக் கூடாது, ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது என்பது அங்கே விதி. நம் கேன்வாஸ் மூலத்தைவிடச் சிறியது என்பதால் முதல் விதிக்குப் பிரச்சினையில்லை.